பத்தொன்பது நாக்குகளும் இருநூறு முந்திரிப்பழங்களும்

வீட்டிலிருந்தபடியே பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. பிறர் செய்த தப்பைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கூலி வாங்குகிறவன் தன் தப்பைப் பற்றி யோசிக்க வாய்ப்பே இல்லை. இப்படிப்பட்ட ஒருவனிடம் காலை எட்டு மணிக்குச் சமையலறையையும் கைபேசியையும் ஒப்படைத்துவிட்டு மனைவி வேலைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சியாக எங்கள் அடுப்பு மேடைக்கு மேலே, சுவரில் மூன்று கறைகள் இருக்கின்றன. இரண்டு மஞ்சள். ஒன்று என்ன நிறமென்று எங்கள் இருவருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

சிக்கனச் சமையல் காணொளிகள்தாம் எனக்கு வந்த நோய். "வெறும் இருபதே ரூபாயில்" என்று ஒரு குரல் தொடங்கினால் போதும், எழுந்துபோய் வாணலியை வைத்துவிடுவேன். பனீர் இல்லாத பனீர் மசாலா செய்தேன். ரவையைக் கெட்டியாகக் கிளறி ஆறவிட்டு, துண்டு போட்டுக் குழம்பில் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்து ஐந்து நிமிடத்தில் துண்டுகள் காணாமல் போய், குழம்பு உப்புமாவாகியிருந்தது. ஒரு முட்டையில் ஆறு பேருக்கு ஆம்லெட் செய்தேன். ஆறு பேருக்கும் மைதா கிடைத்தது. முட்டை யாருக்குப் போனது என்பது கடைசிவரை தெரியவில்லை. இதிலெல்லாம் உச்சம், முந்திரி இல்லாத முந்திரி குருமா. விருத்தாசலத்தில், ஊரைச் சுற்றி முந்திரி தோப்பாக நிற்க, கடைத்தெருவில் உடைந்த பருப்பைக் குவித்து வைத்து விற்க, நான் கதவைச் சாத்திக்கொண்டு நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவி எதையும் திட்டமாட்டாள். ஒரு வாய் எடுப்பாள், கொஞ்சம் யோசிப்பாள்.

"பினிஷிங் நல்லாருக்குது. உள்ள ஒண்ணுமில்ல."

அவளுடைய தொழில் மொழி அது. தொழிற்பேட்டையில் பீங்கான் கப்பும் பொம்மையும் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் பதினாலு வருடமாக வேலை பார்க்கிறாள். ஒருமுறை சூளையில் வெந்து வந்த கப்பை வெள்ளைக் குழம்பில் முக்கி, மறுபடி சூளைக்கு அனுப்பினால்தான் பளபளப்பு வரும். அந்த முக்குகிற பகுதிக்குப் பெயர் கிளேஸ் செக்‌ஷன். இந்தப் பொங்கலுக்குப் பிறகு அவளை அதற்குச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அவளைவிட மூத்தவர்கள் நாலைந்து பேர் இருக்கும்போது ஆக்கினார்கள் என்பதில்தான் சிக்கல்.

அந்த மூத்தவர்களில் முக்கியமானவர் செலக்‌ஷன் டேபிள் அக்கா. ஐம்பது தாண்டியவர், கணவர் குவைத்தில். ஒரு தடவை சூளையில் வெந்து வருகிற சரக்கு ஒரு லாட்; அதில் ஒவ்வொரு கப்பையும் கையில் எடுத்து, விரலால் சுண்டி, சத்தத்தைக் கேட்டு, பஸ்ட்டு, செகண்ட்ஸ், வேஸ்ட்டு என்று பிரிக்கிறவர். அவர் காதுக்குத் தப்பிய விரிசல் அந்தக் கம்பெனியில் கிடையாது. என் மனைவி சூப்பர்வைசர் ஆன நாளிலிருந்து அவளை "சூப்பர்வைசரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். அந்த "அம்மா"வில் மரியாதை இல்லை என்பதைக் கண்டுபிடிக்கக் கப்பைச் சுண்டத் தேவையில்லை.

இனி அவர்களுடைய வெள்ளிக்கிழமை வழக்கம். கம்பெனியில் என் மனைவியோடு சேர்த்து இருபது பெண்கள். மாதத்தின் கடைசி வெள்ளியன்று எல்லோரும் சோறு மட்டும் கொண்டு வருவார்கள். முறைக்காரி எவளோ அவள் வீட்டிலிருந்து இருபது பேருக்கும் ஒரு குழம்பு வரும். அசைவம் கிடையாது. முந்நூறு ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, இருப்பவள் பகட்டு காட்டி இல்லாதவளைக் கூசவைக்கக் கூடாது என்பதற்காக. சாப்பிட்டுவிட்டு யாரும் நல்லது கெட்டது வாயால் சொல்லமாட்டார்கள். பிடித்திருந்தால் குண்டானைப் பளபளவென்று கழுவி முறைக்காரி கையில் கொடுப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் அப்படியே மூடி போட்டுத் திருப்பிவிடுவார்கள். அவ்வளவுதான் தீர்ப்பு. பிப்ரவரியில் டேபிள் அக்கா கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு ஒரு தால்ச்சா கொண்டு வந்தாராம். அந்தக் குண்டானைக் கழுவவே தேவையிருக்கவில்லை என்று மனைவி சொன்னாள். வழித்த விரல்களே வேலையை முடித்திருந்தன.

ஏப்ரல் எங்கள் முறை.

மாதத் தொடக்கத்தில் ஒருநாள் மனைவி சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போக, நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டருகே டேபிள் அக்கா நின்றிருந்தார். சுற்றிலும் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற பெண்கள்.

"என்ன தம்பி, இந்த மாசம் உங்க வூட்டு மொறையாமே. சாமான் விக்கிற வெலைக்கு முந்நூறு ரூபா பத்துங்களா?"

அப்படியே சிரித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் ஒரு காணொளி பார்த்திருந்தேன். எங்கோ கடல் கடந்த தேசத்தில் ஓர் ஆள் முந்திரிப்பழத்தைப் பிய்த்துப் போட்டுக் குழம்பு வைக்கிறான். கறி மாதிரியே இருக்கிறது என்று கண்ணை மூடித் தலையாட்டுகிறான். நம் ஊரில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுகிறோம். பிள்ளைகள் உப்புத் தொட்டுக் கடிக்கும். மீதியை மாடு கூட யோசித்துத்தான் தின்னும். தின்றால் தொண்டை காரும், அதனால்தான்.

"முந்நூறா? காசே இல்லாம கறிக்கொழம்பு வெச்சுக் காட்டறேன் பாருங்க, அதுவும் சைவத்துல" என்றேன்.

வண்ணம் தீட்டுகிற பெண்களில் ஒருத்தி உள்ளே பார்த்துக் கூவினாள். "ஏய், சூப்பர்வைசரம்மா வூட்டுல ஓசியில கறிக்கொழம்பாம்டி!"

சாயங்காலம் மனைவி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"ஏங்க, நான் கத்திரிக்கா காரக்கொழம்பு வெக்கலாம்னு இருந்தேன். நல்லெண்ண கூட எடுத்து வெச்சுட்டேன்."

"அதையே வெச்சுரு. நான் சும்மா பேச்சுக்குச் சொன்னது."

"இனிமே எப்படி வெக்கிறது? காரக்கொழம்பு கொண்டுபோனா, முடியாம பின்வாங்கிட்டாங்கன்னு ஆயிரும். உங்க கொழம்பக் கொண்டுபோயி குண்டான் கழுவாம வந்துச்சுன்னா, மறுநாளு நான் அந்த அக்கா முன்னாடி நின்னு 'இந்த லாட்ட திருப்பி செக் பண்ணுங்க'ன்னு எப்படிங்க சொல்ல முடியும்? இப்பவே ரெண்டு வாட்டி சொல்லிட்டேன். காதுல விழாத மாதிரி இருக்காங்க. அவங்க காதுல விழாதது ஒண்ணு உண்டா?"

அவளே ஒரு கோடுபோட்ட நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"டெஸ்ட் எடுப்போம். மொறையா."

கம்பெனியில் புதுக் கிளேஸ் கலக்கும்போது எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்யவேண்டும் என்றாள். ஒரு சோதனைக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை மாற்றினால் எதனால் கெட்டது என்று தெரியாது. ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எண். கம்பெனியில் கழித்துக் கட்டிய, காது கோணிய கப்புகள் வீட்டில் நிறைய உண்டு. அவற்றின் அடியில் பென்சிலால் எண் எழுதி, குழம்பு கொஞ்சம் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வரிசையாக வைக்கவேண்டும். அடுத்த சோதனை முடியும்வரை முந்தினதைக் கொட்டக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். முந்தினதை மறப்பதுதானே என் போன்றவர்கள் சமையலில் முன்னேறும் வழி என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பழத்துக்குக் கிழக்குச் சாலையில் தெரிந்தவர் தோப்புக்குப் போனேன். கோணிப்பையைப் பார்த்துவிட்டு அவர், "மாட்டுக்குங்களா?" என்றார்.

"இல்லிங்க, எங்களுக்கு."

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, மெய்ப்புத் திருத்துவதில் வருமானம் இவ்வளவு குறைந்துவிட்டதா என்பதுபோல, தானே குனிந்து இன்னும் பத்துப் பழம் பொறுக்கிப் பையில் போட்டார்.

சோதனை ஒன்று: பழத்தை நறுக்கி நேரே மசாலாவில் போட்டேன். ஒரு வாய்தான். தொண்டைக்குள் யாரோ கம்பளியை இழுத்துச் செருகியதுபோல் இருந்தது. இரண்டு நாள் தொலைபேசியில் என் குரலைக் கேட்ட பதிப்பக ஊழியர், வேறு யாரோ எடுத்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார். இரண்டு: உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். காரல் குறையவில்லை, கூடவே உப்பும் சேர்ந்தது. மூன்று: மூன்று தடவை வேகவைத்துக் கொட்டினேன். காரல் போயிற்று. பழமும் போயிற்று. மிஞ்சிய நாரை மென்றுகொண்டே ஓர் அத்தியாயம் மெய்ப்புப் பார்த்து முடித்தேன், நார் முடியவில்லை. நான்காவதில் அரிசி கழுவிய தண்ணீர், ஐந்தாவதில் புளி. ஐந்தைப் பற்றி நோட்டில் மனைவி எழுதியிருப்பது ஒரே சொல்: "ஏன்?"

ஆறாவதைச் சாப்பிட்டுவிட்டு இருவரும் வண்டியெடுத்து வேப்பூர் வரை போய், நெடுஞ்சாலை ஓட்டலில் பரோட்டா தின்றோம். ஒரு சொல் பேசவில்லை. லாரிக்காரர்கள் எங்களைப் பார்த்து, ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்திருப்பார்கள். அது தப்பென்று சொல்ல முடியாது.

ஏழாவதில் வழி கிடைத்தது. பழத்தை இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து, துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் சாற்றோடு காரலும் போய்விடுகிறது. சக்கையைத் துண்டு துண்டாகப் பிய்த்து, சோம்பு தாளித்து, எண்ணெயில் சுருள வதக்கி, பிறகு மசாலா. எட்டுப் பழத்தில் செய்தேன். மனைவி ஒரு வாய் எடுத்தாள். யோசித்தாள். இன்னொரு வாய் எடுத்தாள். அதுவரை ஆறு சோதனைகளில் நடக்காத காரியம் அது.

"தொண்டையில ஒண்ணுமில்ல. கறி மாதிரியும் இல்ல. ஆனா நல்லாருக்குது."

நோட்டில் "பாஸ்" என்று எழுதி, பக்கத்திலேயே "எட்டுப் பழம்" என்று அடிக்கோடிட்டாள். "எட்டுக்குத்தாங்க பாஸ். எரநூறுக்கு இல்ல. சின்ன சூளையில வந்த கலரு பெரிய சூளையில வராது. கடைசிப் பழம் வரைக்கும் இதே மாதிரி பிழியணும். புரியுதா?"

புரிகிறது என்று சொல்வதற்கு எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

ஏப்ரல் கடைசி வெள்ளியன்று சூளையில் சரக்கு இறக்கும் வேலை இருந்ததால் மனைவி காலை ஆறு மணிக்கே போய்விட்டாள். நானும் இருநூறு பழங்களும் தனித்து விடப்பட்டோம். முதல் நூறு பழங்களை நான் பிழிந்த பிழியில் ஒரு சொட்டு மிச்சமில்லை. நூற்றுப்பத்தாவது பழத்தருகே கை விரல்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தன. ஆயுளில் பேனாவைத் தவிர எதையும் அழுத்தாத கை. மணியோ பத்தரை. மெய்ப்பிலும் எனக்கு இந்தக் குணம் உண்டு. முதல் நூறு பக்கத்தில் ஒரு காற்புள்ளி தப்ப முடியாது. கடைசிப் பக்கங்களில் பிழைகளும் நானும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் போய்விடுவோம். மீதித் தொண்ணூறு பழங்களோடும் கை குலுக்கி, கைகுலுக்கிய கையோடு சட்டியில் விட்டேன். எல்லாம் ஒன்றாகக் கலந்து மசாலா ஏறிய பிறகு பார்க்க அழகாகத்தான் இருந்தது. பினிஷிங்கில் குறையே இல்லை.

குண்டானை ஸ்கூட்டரில் கட்டிக் கம்பெனியில் சேர்த்துவிட்டு, எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். சாப்பிடுகிற இடத்துக்கு ஆண்களை விடமாட்டார்கள். பேக்கிங் ஷெட்டில் வைக்கோலுக்கு நடுவே வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வழக்கமாக அந்தச் சிரிப்பு சாலைவரை கேட்கும். அன்று கேட்கவில்லை. இரண்டாவது டீ வாங்கினேன். பிறகு உள்ளிருந்து ஓர் இருமல் வந்தது. சற்று இடைவெளி விட்டு இன்னொரு இருமல், வேறு குரலில். அப்புறம் யாரோ, "எனக்கு ஒண்ணுமில்லையே, நல்லாத்தானேடி இருக்குது" என்று சொல்வது கேட்டது.

மூன்றாவது டீ பாதியில் இருக்கும்போது, அன்றைக்குக் கூவிய அந்த வண்ணக்காரப் பெண் கேட்டைத் தாண்டி வந்தாள்.

"அண்ணே, உங்கள உள்ள கூப்புடறாங்க."

"ஆம்பளைங்கள விடமாட்டாங்களே?"

"இன்னிக்கு விடுவாங்க."

உள்ளே போனேன். ஒரு பக்கம் அடுக்கிய கப்புகள், ஒரு பக்கம் வைக்கோல், நடுவில் இருபது பெண்கள். டேபிள் அக்கா மடியில் பெரிய தட்டை வைத்துக்கொண்டு, குண்டானிலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கரண்டியில் எடுத்து, நுனி விரலால் அமுக்கிப் பார்த்து, சிலதை வலப்பக்கமும் சிலதை இடப்பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு குவியலும் ஏறக்குறைய சமமாக வளர்ந்துகொண்டிருந்தன.

"உக்காருங்க தம்பி. எத்தன பழம்?"

"எரநூறுங்க."

"ஒரே ஆளு பிழிஞ்சதா?"

"ஆமாங்க."

"இல்லியே. இது ரெண்டு ஆளு வேல." வலப்பக்கத்தைக் காட்டினார். "இத பிழிஞ்சவரு பொறுப்பான மனுஷன்." இடப்பக்கத்தைக் காட்டினார். "இவரு யாரு, உங்க வூட்டு வெருந்தாளியா?"

ஷெட்டே சிரித்தது. இருமியவர்களும் இருமிக்கொண்டே சிரித்தார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தாள். அதை அங்கே கொண்டு வந்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

"எத்தனாவது பழத்துக்கு அப்புறம்?" என்றாள்.

"என்னது?"

"கை விட்டது எத்தனாவது பழத்துலங்க?"

பத்தொன்பது பேரும் என்னையே பார்த்தார்கள். "நூத்திப்பத்து... இருக்கும்."

எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டுத் தலைநிமிர்ந்து எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "பெயிலுதான். என் வூட்டு லாட்ட நானே பாக்காம அனுப்பிட்டேன். வேற யாராவது இப்படி அனுப்பியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேனோ, அத எனக்கு நீங்க சொல்லுங்க."

அவள் காது மடல் சிவந்திருந்தது. நான் செய்த அரைகுறை வேலைக்கு அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். வைக்கோலுக்குள் புகுந்துகொள்ள முடியுமா என்று நான் உண்மையாகவே யோசித்தேன்.

டேபிள் அக்கா வலப்பக்கக் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார். இன்னொன்று எடுத்தார்.

"பெயிலுன்னு மொத்தமா எப்படி எழுதறது? இந்தப் பக்கம் பஸ்ட்டு. சும்மா சொல்லக் கூடாது, நல்லாருக்குது. அந்தப் பக்கம் வேஸ்ட்டு. கலந்த லாட்ட எப்படி எழுதுவோம்? நீயே சொல்லு சூப்பர்வைசரு."

"அம்மா"வைக் காணோம். மனைவி அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில், கிளேஸ் தொட்டியருகே நின்று பேசுவதுபோலவே சொல்லிவிட்டாள்: "திருப்பி செக் பண்ணணும்கா."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்திருக்கவேண்டும். கையிலிருந்த பென்சில் நின்றுவிட்டது.

"பண்ணிருவோம்" என்றார் டேபிள் அக்கா. தட்டை மடியில் சரிசெய்துகொண்டு குண்டானுக்குள் கரண்டியை விட்டார். "ஏய், ரெண்டு பேரு வாங்கடி. ஒரு துண்டு விடாம பிரிக்கணும். காருறது இந்தப் பக்கம்."

நல்ல குவியலை இருபதாகப் பங்கிட்டு அவர்கள் சாப்பிட்டு முடித்தார்கள். இடப்பக்கக் குவியலை என் மடியில் வைத்த தட்டில் போட்டார்கள். தின்னச் சொல்லவில்லை, பிடித்துக்கொண்டு உட்காரத்தான் சொன்னார்கள்.

குண்டானை என்ன செய்வது என்பதில்தான் பெரிய விவாதம் நடந்தது. வழக்கத்தில் கழுவுவது உண்டு, கழுவாதது உண்டு. பாதி உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் உட்புறத்தை மட்டும் முகம் தெரிகிற அளவு தேய்த்துக் கழுவி, வெளிப்புறத்தில் வழிந்திருந்த மசாலாவையும் அடுப்புக் கரியையும் அப்படியே விட்டு என் கையில் கொடுத்தார்கள். அதை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாக வந்தேன். என் சட்டையில் பட்ட கரி இன்னும் போகவில்லை.

மறுவாரம் யாருடைய முறையும் இல்லை. ஆனாலும் என்னை வரச்சொல்லியிருந்தார்கள், பழங்களோடு. நான் எல்லோர் முன்னாலும் மறுபடி பிழிந்து காட்டுவேன் என்று மனைவி ஒப்புக்கொண்டு வந்திருந்தாள். நல்லூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற ஒருத்தி தன் வீட்டுத் தோப்பிலிருந்து இன்னொரு பை பழம் கொண்டு வந்திருந்தாள். பழங்களை ஆவியில் வேகவைத்து எடுத்தபின், ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு, கையில் துணியைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். எதிரே டேபிள் அக்கா. நான் ஒவ்வொன்றாகப் பிழிந்து நீட்ட, அவர் அமுக்கிப் பார்த்துத் தட்டில் போட்டார். பழம் எத்தனை என்று மனைவி நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். அறுபது ஆயிற்று, எழுபது ஆயிற்று. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

"பரவாயில்லியே" என்றார் டேபிள் அக்கா. "தம்பிக்கு வேர்த்துக் கொட்டுது பாரு. பாவமா இருக்குது. போதும்னு வுட்டுருவோமா சூப்பர்வைசரு? இனிமே அவரா செஞ்சுக்குவாரு."

மனைவி நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏமாந்துராதீங்கக்கா. நூறு வரைக்கும் நல்லாத்தான் பிழிவாரு. நூத்திப்பத்துலதான் பக்கத்துல நிக்கணும்."